ஆரஞ்சுக் கோடு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய சென்சார் கெட்டுத்தான் போயிருந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. பிறகு நடந்ததையும் அதையும் முடிச்சுப் போட்டு, காபிக் கோப்பையும் கையுமாகக் கொட்டகை கொட்டகையாகப் போய்க் கதை சொல்லும் ஹார்லனுக்கு இதில் பாதிதான் தெரியும். மீதி எனக்குத்தான் தெரியும். அதனால் நானே சொல்கிறேன்.

நான் அர்லிஸ். பள்ளிக்கூடப் பஸ்களுக்கு மெக்கானிக். இருபத்தாறு வருஷம் ஆகிறது. லோவெல் என் தம்பி; பண்ணைப் பக்கம் வண்டியில் போய்த் தபால் போடுகிறவன். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒன்பது வருஷம் பாடுபட்டு இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினோம். பதினாலாயிரம் ரிவெட் ஆணி. வெளியிலிருந்து அவன் அடிப்பான், உள்ளே படுத்துக்கொண்டு இரும்புக் கட்டியை நான் அண்டக் கொடுப்பேன். அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் இதை ஒருவரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. எங்கள் புல் ஓடுபாதை ஓரத்தில் பதினோரு கொட்டகை இருக்கிறது. அவற்றில் ஏழில் நிற்பது வீட்டில் கட்டிய விமானம்தான்.

ஜூன் முதல் வாரம் லோவெல் தனியாகப் பறந்துகொண்டிருந்தபோது, எஞ்சினின் எண்ணெய் அழுத்தம் காட்டும் எண் திடீரென்று சைபரில் விழுந்தது. எண்ணெய் அழுத்தம் போனால் எஞ்சின் சில நிமிஷங்களில் இறுகிப்போகும். அவன் யோசிக்கவில்லை, கண்ணில் பட்ட முதல் சோயா வயலில் இறக்கிவிட்டான். ஒரு சக்கர மூடி உடைந்தது. எஞ்சினைத் திறந்து பார்த்தால் எண்ணெய் ஒரு சொட்டுக் குறையவில்லை. சென்சார் செத்திருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவன் பெயர் சோயா கேப்டன். ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று, எல்லாரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து ஓடுபாதை ஓரம் சாப்பிட்டோம். அங்கே அவனுக்கு ஒரு பரிசு கொடுக்கப்பட்டது. பலகையில் ஆணி அடித்து மாட்டிய ஒரு டின் சோயா. அந்த ஆணியை அடித்தது நான்தான். அவனும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தான், ஆனால் காது இரண்டும் சிவந்து போயிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

புதுச் சென்சார்கள் அதற்கடுத்த வாரம் வந்தன. எண்ணெய்க்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று. பழையவை எஞ்சின் மேலேயே திருகியிருந்ததால் அதிர்ந்து அதிர்ந்தே கெட்டுப்போயின. இந்தத் தடவை எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டில் ஒரு உலோகக் கட்டையைப் பொருத்தி, அதில் இரண்டையும் உட்காரவைத்து, எஞ்சினிலிருந்து அங்கே ஹோஸ் இழுப்பது என்று முடிவு செய்தோம். மொத்தம் ஆறு இணைப்பு. ஐந்து கைக்கு எட்டும். ஆறாவது, எண்ணெய் ஹோஸின் கீழ் நட்டு, எஞ்சினின் பின்பக்க மூலையில் ஒளிந்திருக்கும். சாதாரண ஸ்பானர் அங்கே நுழையாது. அதற்கென்றே வளைந்த ஸ்பானர் ஒன்று வைத்திருந்தோம்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விமானம் கட்டுகிற எல்லாருக்கும் உண்டு, நாங்கள் இன்னும் கொஞ்சம் கறார். ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து அது உட்கார்ந்த இடம் வரை ஆரஞ்சுப் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். எங்கள் கொட்டகையில் முறுக்கியவர் கோடு போடக் கூடாது. மற்றவர் தானும் ஒரு தடவை ஸ்பானர் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவளும் நான்தான். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட இதை மீறியதில்லை என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொள்வேன்.

அந்தச் சனிக்கிழமை காலை லோவெல் அவசரத்தில் இருந்தான். நாற்பது மைல் வடக்கே இன்னொரு ஓடுபாதையில் பான்கேக் விருந்து. சுற்றுவட்டார விமானமெல்லாம் அங்கே போய் இறங்கும், பதினொரு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஜூனுக்குப் பிறகு அவன் ஒரு விருந்துக்கும் போகவில்லை. இதற்குப் போய்த் தலைநிமிர்ந்து இறங்கிக் காட்ட வேண்டும் என்று துடித்தான். நான் பெட்ரோல் பக்கத்து ஹோஸை முடித்துக்கொண்டிருந்தேன். அவன் எஞ்சினுக்கு அடியில் தலையை விட்டிருந்தான்.

"அக்கா, அந்த வளைஞ்ச ஸ்பானர் எங்க?"

"எனக்கென்ன தெரியும்? சோயாக்காட்டுலயே விட்டுட்டு வந்திருப்ப."

அவன் தலையை வெளியே எடுத்தான். "ஒரு தடவ. ஒரே ஒரு தடவ என்னைக் கேலி பண்ணாம உன்னால பதில் சொல்ல முடியாதா?"

"ஏன்டா, ஊரே சிரிக்குது, நான் மட்டும் வாய மூடிக்கணுமா?"

"சைபர் காட்டுச்சுக்கா. நீ இருந்திருந்தா என்ன கிழிச்சிருப்ப?"

"எஞ்சின் சத்தத்தக் கேட்டிருப்பேன். நல்லா ஓடுற எஞ்சின வெச்சுக்கிட்டு, ஒரு நம்பரப் பாத்துப் பயந்து வயல்ல குதிக்க மாட்டேன்."

அவன் கையைத் துணியில் துடைத்தான், துணியை என் காலடியில் எறிந்தான், பெட்ரோல் கேனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

எனக்கு வந்ததே கோபம். ஐம்பத்து நாலு வயசுக்காரன் துணியை எறிகிறான்! கூப்பிட்டு, "எது முறுக்கினே, எது முறுக்கல?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நான் இறங்கிப்போன மாதிரி ஆகிவிடும். பேனாவை எடுத்தேன். நானே முறுக்கியவற்றையும் சேர்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கோடு போட்டேன். மேலே இருந்த ஐந்துக்கு ஸ்பானர் வைத்துப் பார்த்தேன். ஆறாவதுக்குக் கையை மட்டும் உள்ளே விட்டு, பேனா முனையால் தடவி இழுத்தேன்.

அரைமணி கழித்து அவன் திரும்பி வந்தான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தான்.

"எல்லாம் முடிஞ்சுதா?"

"கோடு தெரியலையா?" என்றேன்.

எஞ்சினை ஓடவிட்டு ஐந்து நிமிஷம் பார்த்தோம். திரையில் எண்ணெய் அழுத்தம் அழகாக எழுபத்தெட்டில் நின்றது. அடியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மூடியைப் பூட்டினோம். ஒன்பது பத்துக்கு அவன் புல்லில் ஓடி எழும்பி வடக்கே திரும்பினான். நான் கையசைக்கவில்லை.

ஹார்லன் வந்தது ஏழெட்டு நிமிஷம் கழித்து. பக்கத்துக் கொட்டகைக்காரர், எழுபது வயசு, மஞ்சள் விமானம் ஒன்று வைத்திருக்கிறார். ஒரு கையில் காபி. இன்னொரு கையில் எங்கள் வளைந்த ஸ்பானர்.

"வியாழக்கிழமை எடுத்துட்டுப் போனேம்மா. நீங்க யாரும் இல்ல. சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன்."

நான் அந்த ஸ்பானரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை எடுத்தார். ஹோஸ் வந்தது நேற்று. அப்படியென்றால் அந்த நட்டை யாரும் முறுக்கவில்லை. லோவெல் தேடினான், கிடைக்கவில்லை, என்னைக் கேட்டான், நான் கேலி செய்தேன். திரும்பி வந்தபோது கோட்டைப் பார்த்தான். அக்கா தேடிப் பிடித்து முறுக்கிவிட்டாள் என்று நம்பினான். கையால் திருகிய நட்டு. குளிர்ந்த எஞ்சினில் ஐந்து நிமிஷம் தாங்கும், முழு வேகத்தில் அரைமணி தாங்காது.

சுவரில் மாட்டியிருந்த கை ரேடியோவைப் பிடுங்கினேன். சனிக்கிழமை காலையில் எங்கள் அலைவரிசையில் ஐந்து ஓடுபாதைக்காரர்கள் பேசுவார்கள், பான்கேக்குக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் கேட்பார்கள். அதை நினைக்க அப்போது நேரமில்லை.

"லோவெல், அர்லிஸ் பேசறேன். கேக்குதா?"

"கேக்குது. என்ன, உனக்கும் பான்கேக் கட்டிட்டு வரணுமா?"

"ஆயில் பிரஷர் எவ்ளோ?"

"ஏன் கேக்குற?"

"எவ்ளோன்னு சொல்லுடா!"

"அறுபத்தொண்ணு. ஏறும்போது எழுபத்தெட்டு இருந்துச்சு, அப்புறம் மெல்ல இறங்குது. புது சென்சாருக்குத் திரையில தப்பான அளவு வெச்சுட்டேன் போல, அதான் நம்பர் குறையுது. அங்க போய்ப் பாத்துக்கறேன்."

"சென்சார் இல்லடா. கீழ் நட்டு லூசா இருக்கு. எண்ணெய் போகுது."

"அதுல கோடு இருக்குக்கா. நானே டார்ச் அடிச்சுப் பாத்தேன்."

"கோட்ட நம்பாத!"

சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. "இன்னொரு தடவ என்னை வயல்ல இறக்கிப் பாக்கணுமா உனக்கு? அடுத்த பலகைக்கு ஆணி ரெடியா? எஞ்சின் நல்லா ஓடுது. சத்தத்தக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், நீ சொன்ன மாதிரியே."

நடுவில் வேறு எவனோ ஒருத்தன் புகுந்தான். "சோயா கேப்டன், கீழ பாத்துப் போங்க, அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கு!" யாரோ இருவர் சிரித்தார்கள். அவன் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்றைக்கும் விட்டிருக்க மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பை ஊருக்குள் அவிழ்த்துவிட்டது யார்?

"ஹார்லன்தான்டா வளைஞ்ச ஸ்பானர எடுத்துட்டுப் போயிட்டார்," என்றேன். "வியாழக்கிழமையே. சொல்லாமக் கொள்ளாம."

பக்கத்தில் நின்ற ஹார்லன் காபியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரி, அதனால என்ன? நீ வேற எதையாவது வெச்சு முறுக்கியிருப்ப. இல்லாட்டி கோடு போடுவியா? நீயா?"

அந்த 'நீயா' என்னை அறைந்தது. என்னைத் திட்டினான், துணியை எறிந்தான், ஆனாலும் என் கோட்டை மட்டும் அவன் சந்தேகப்படவே இல்லை.

"இப்ப எவ்ளோ?"

"ஐம்பத்திரண்டு."

ஹார்லன் மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, அவன் இப்ப கிரான்பெரி வயலுக்கு மேல இருப்பான். அதுக்கு அப்புறம் பத்து மைலுக்குக் காடு. காட்டுக்கு மேல எஞ்சின் நின்னா ஒண்ணும் பண்ண முடியாது."

எனக்குத் தெரியும். ரேடியோவின் பொத்தானை அழுத்தினேன். விட்டேன். மறுபடியும் அழுத்தினேன்.

"லோவெல், கேளு. நான் முறுக்கல. ஸ்பானர் வெச்சும் பாக்கல. உன்மேல இருந்த கோவத்துல சும்மா கோடு போட்டேன். வேற யாரும் காரணமில்ல. என் தப்புடா. என் தப்பு. இறங்கிடு."

நான் மனதுக்குள் எண்ணினேன். ஏழு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

"எங்க இறங்கட்டும்?" என்றான். குரல் மாறியிருந்தது.

"கீழ என்ன தெரியுது?"

"கிரான்பெரி. வாய்க்காலும் குளமும். வடக்க காடு."

"தெக்க திரும்பு. அங்க என்ன இருக்கு?"

"ரோடு. லாரி போய்ட்டிருக்கு, கம்பி வேற. அதுக்குப் பக்கத்துல பெருசா, பச்சையா..." நிறுத்தினான்.

"என்னடா அது? சோளமா?"

"சோளம் இல்ல. தணிவா இருக்கு." கொஞ்சம் இரைச்சல். "சோயா."

"சோயாவுல இறங்குடா," என்றேன்.

ரேடியோவில் யாரும் சிரிக்கவில்லை.

"முப்பத்தஞ்சு," என்றான். "எண்ணெய் கருகுற வாசன வருது." பிறகு, "லேசாப் புகை." பிறகு, "இருபத்தி..." அதோடு நின்றுவிட்டது. அவன் தாழ இறங்கிவிட்டான், என் ரேடியோவுக்கு எட்டாது என்று ஹார்லன் சொன்னார். எனக்கும் அது தெரியும். ஆனாலும் பொத்தானை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

ஹார்லனின் வண்டியில் போனோம். பதினேழு மைல். அவர் ஓட்டினார். ஜூன் மாதம் சோயா கணுக்கால் உயரம்கூட இல்லை. இப்போது முழங்காலுக்கு மேல் வந்திருக்கும், சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் விமானம் குப்புறக் கவிழும். கவிழ்ந்தால் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி மேல்மூடியைத் திறக்க முடியாது. அடியில் சூடான எஞ்சின், அதன் மேல் எண்ணெய், இறக்கையில் இரண்டு டாங்க் பெட்ரோல். இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பதுதான் கொடுமை. அந்த விமானத்தில் எனக்குத் தெரியாத ஒரு அங்குலம் கிடையாது. அவன் மடியில் அந்த மேல்மூடியை வைத்துக்கொண்டு மூன்று மாசம் தேய்த்த கோடைகாலம்கூட ஞாபகம் வந்தது.

ரோட்டோரம் ஒரு டிராக்டர் நின்றது. அதற்கு அப்பால், செடிகளுக்கு நடுவே இரண்டு நீளமான தடம். தடம் முடிகிற இடத்தில் விமானம் மூக்கைக் கொஞ்சம் மண்ணில் குத்திக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கவிழவில்லை. இறக்கையின் ஓரத்தில் லோவெல் உட்கார்ந்திருந்தான். வயல்காரர் கொடுத்த தண்ணீர் பாட்டில் கையில் இருந்தது.

நான் ஓடினேன். செடி தடுக்கி ஒரு தடவை விழுந்தேன், எழுந்து மறுபடி ஓடினேன். பக்கத்தில் போனதும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் கட்டிப்பிடிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடி பட்டுச்சா?"

"நாக்கக் கடிச்சுக்கிட்டேன்," என்றான். "புரொப்பெல்லர் வளைஞ்சு போச்சு."

"அது போகட்டும்டா."

அவனே எஞ்சின் மூடியைத் திறந்தான். அடிவயிறு முழுக்கக் கருப்பு எண்ணெய். அளவுகோலை உருவிப் பார்த்தோம். எட்டு பாட்டில் ஊற்றிய எஞ்சினில் ஒன்றரை பாட்டில்தான் மிச்சம். அவன் சொல்லாமலே நான் மூலைக்குள் கையை விட்டேன். நட்டு இன்னும் சூடாக இருந்தது. இரண்டு விரலால் திருகினேன். ஜாம் பாட்டில் மூடி மாதிரி சுற்றியது. அதன் மேல் என் ஆரஞ்சுக் கோடு பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாக விலகி நின்றது.

"கடைசியா எவ்ளோ காட்டுச்சு?" என்று கேட்டேன்.

"பதினொண்ணு. செடி சக்கரத்துல படும்போது." தண்ணீர் குடித்தான். "பாவம், புது சென்சார். கடைசி வரைக்கும் உண்மையத்தான் சொல்லிட்டு இருந்துச்சு."

"அப்ப நம்பர நம்பித்தான் இறங்குனியா?"

"இல்லக்கா. நம்பர நம்பக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் கிளம்புனேன். புகை வந்தாக்கூட காட்டத் தாண்டிப் போயிடலாம்னு இருந்தேன். இன்னொரு தடவ வயல்ல இறங்கறதுக்குக் காட்டுல விழறதே மேல்னு தோணுச்சு."

இதை அவன் சாதாரணமாகச் சொன்னான். நான் எஞ்சின் தாங்கியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்புறம் எப்படிடா?"

"பொறந்ததுலருந்து நீ என் அக்கா. பஸ்ஸப் பின்னாடி எடுத்து பள்ளிக்கூடக் கேட்ட இடிச்சிட்டு, கேட்டு தப்பான இடத்துல இருக்குன்னு பள்ளி நிர்வாகத்துக்கு லெட்டர் எழுதுனவ. 'என் தப்பு'ன்னு நீ சொல்லி நான் கேட்டதே இல்ல, ஒரு தடவகூட. அதக் கேட்டதும் தெரிஞ்சு போச்சு, எஞ்சின் நிக்கத்தான் போகுதுன்னு."

ஹார்லன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த நட்டை இரண்டு விரலால் பிடித்தபடியே நின்றேன். அழுகை வந்தது. அதற்கு யார் மேல் பழி போடுவதென்று தெரியவில்லை.